களத்தின் கடைசிப் பதினெட்டடி

எங்கள் ரோபோ கிளப்பை உடைத்தவள் நான்தான் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். உடைத்தேன் என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் எதற்காக உடைத்தேன் என்று வரும்போது ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். பொறாமையாம், திமிராம், எவனோ தூண்டிவிட்டானாம். ஒருத்தியும் தானாக யோசித்து ஒரு காரியம் செய்துவிடக் கூடாது இவர்களுக்கு. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் டிப்ளமோ முடித்துவிட்டுக் கடைவீதியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது கீழத்தெரு. என் அப்பா தலைமுறை வரை அடுத்தவர் வயலில் மட்டுமே இறங்கிய தெரு. கூலிப் போராட்டம், நில உச்சவரம்பு, குடிமனைப் பட்டா என்று எல்லாக் கூட்டத்துக்கும் கொடி பிடித்துப் போன தெரு. எல்லாம் போய்க் கடைசியில் கையில் தங்கியது வீட்டு மனையும் கொஞ்சம் குத்தகை நிலமும்தான். அப்பா போன பிறகு அம்மா தனியாக நாலு மா நிலம், அதாவது ஏக்கருக்குச் சற்று மேலே, குத்தகைக்குப் பார்த்துவந்தாள்.

அந்த நிலம் உரக்கடை அண்ணனுடையது. கிளப்பும் அவருடையதுதான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மேலத்தெருவில் பெரிய வீடு. அவருக்கு மிஷின் என்றால் பைத்தியம். உரக்கடைக்குப் பின்னால் இருந்த கொடவுனைக் காலி செய்து, இரண்டு மேஜை போட்டு, சால்டரிங் இரும்பு, மல்டிமீட்டர் எல்லாம் வாங்கி வைத்து, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாங்க, எதையாவது செய்வோம்" என்றார். போனோம். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் சார் ஒருவர், கடைவீதி டி.வி. மெக்கானிக் ஒருவர், நான், அப்புறம் வந்து போகும் நாலைந்து பேர். யூரியா வாடையிலேயே உட்கார்ந்து ஒயர் உரிப்போம்.

அண்ணனைப் பற்றி நல்லதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அவர் வீடு சுயமரியாதை வீடு. அவர் கல்யாணம் ஐயர் இல்லாமல், தாலிக்கு நேரம் பார்க்காமல் நடந்தது. ஆட்சி எந்தப் பக்கம் மாறினாலும் இரண்டு கட்சிக்காரர்களும் அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். மைக்கைக் கொடுத்தால் சமத்துவம் பற்றி அரை மணி நேரம் பேசுவார், கேட்கவும் நன்றாக இருக்கும். வெறும் பேச்சு என்றும் தள்ளிவிட முடியாது. அவர் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் டீ வந்தது. என் அம்மா அவரைச் "சின்னய்யா" என்பாள். நான் "அண்ணே" என்பேன். அதற்கு ஒருநாளும் முகம் சுளித்தவரில்லை.

முதலில் சுவரில் முட்டாமல் ஓடும் பொம்மை வண்டிகள் செய்தோம். பிறகு தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் பெட்டி. ஒரு தை மாதம் டி.வி. மெக்கானிக்தான் ஆரம்பித்தார்.

"பொம்ம செஞ்சது போதும்ப்பா. நெல்லு காயவைக்க ஒண்ணு செய்யுங்க. ஊருக்குப் பிரயோசனமா இருக்கும்."

சரியான இடத்தில் கை வைத்தார். எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்தால் நெல்லை நேரே அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே ஈரம் பார்க்கும் மிஷினில் ஒரு கைப்பிடி போட்டுப் பார்ப்பார்கள். ஈரம் கூடுதல் என்றால் மூட்டையோடு திரும்பி வர வேண்டியதுதான். அதனால் வெயிலில் பரப்பி, அரை மணிக்கு ஒரு தரம் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேகம் கூடினால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். கிளறுவது பொம்பளைகள் வேலை. வெயிலில் நின்று நின்று அம்மாவுக்குப் பித்த வெடிப்பில் ரத்தம் கசியும்.

காயப்போட ஊருக்கு ஒரு பொதுக்களம் இருந்தது. தாலுகா ஆபீஸ் கணக்கில் களம் புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பாத்தியதை. ஆனால் இடம் பிடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. ரோட்டோரமாகச் சிமென்ட் போட்ட பாதி மேலத்தெருவுக்கு. உள்ளே தள்ளி, மண் தரையாகக் கிடக்கும் கடைசிப் பக்கம் கீழத்தெருவுக்கு. யார் அப்படி எழுதிவைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் கடைசிப் பக்கத்தில் இருபது வீட்டு நெல் காய வேண்டும். ஐந்தாறு வீட்டுக்குத்தான் இடம் இருக்கும். மற்றவர்கள் தார் ரோட்டில் கொட்டிக் கல்லை வைத்துக் காவல் இருப்பார்கள். அம்மா பெரும்பாலும் ரோட்டில்தான். பஸ்காரன் வேண்டுமென்றே நெல்லின் மேல் ஏற்றிக்கொண்டு போவான், போகிற போக்கில் ஒரு கெட்ட வார்த்தையும் கொடுப்பான். எங்கள் தெருவில் ஜனம் பெருகிவிட்டது, அதனால் இடம் பத்தவில்லை என்றே என் வயசுக்காரர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். குற்றத்தை எங்கள் பிள்ளைப் பேற்றின் மேலேயே போட்டுக்கொண்டோம், பாருங்கள்.

மிஷின் இரண்டு மாதத்தில் உருவானது. பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார் இரண்டு, ஸ்கூட்டி பேட்டரி, முன்னால் பல் வைத்த மரப்பலகை, மண்ணில் புதையாமல் இருக்க இரும்புப் பட்டை அடித்த சக்கரம். மூளைக்கு ஒரு சின்ன போர்டு. அதற்கு வேலை சொல்வதற்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசாங்க இலவச லேப்டாப். நெல்லுக்குள் பலகையைத் தள்ளிக்கொண்டு நேரே போகும், களத்தின் கடைசியில் திரும்பி, பக்கத்து வரிசையில் திரும்பி வரும். கடைசி வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டே போகும். களத்தின் நீளத்தை நாம் முன்னமே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீளத்தை நான்தான் வாங்கிவந்தேன். களத்தில் எப்போதும் யாராவது ஒருவர் எதையாவது காயவைத்திருப்பார்கள், டேப் பிடிக்க வழியில்லை. அதனால் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய்ப் புலப்படத்தைக் கேட்டேன். நிலத்தை அளந்து வரைந்து வைத்திருக்கும் அரசாங்கப் படம். அதில் களத்தின் நீளம் ஐம்பத்திரண்டு மீட்டர் என்று போட்டிருந்தது. கையில் எழுதிக்கொண்டு வந்து அப்படியே லேப்டாப்பில் அடித்தேன்.

முதல் ஞாயிறு. காய்ந்துகொண்டிருந்ததை ஒதுக்கச் சொல்லி, வெறுந்தரையில் மிஷினை விட்டோம். அழகாகப் போனது. நேரே போய்க் கடைசியில் இருந்த மாட்டுக் கொட்டகையின் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரம் மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டே சுற்றியது. பிடித்து இழுத்துத் திருப்பி விட்டோம். மறுபடியும் போய் அதே சுவரில் முட்டியது. கொட்டகை அண்ணனுடையது. அவர் வீட்டுக் கொல்லை அங்கேதான் வந்து களத்தைத் தொடும்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எம் மாட்டுக் கொட்டாய் மேல உங்க மிஷினுக்கு அப்படி என்னய்யா கோவம்?"

கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பாலிடெக்னிக் சார் கொண்டுவந்தது. எந்தப் பிழை வந்தாலும் கொடவுன் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் அதை அழிக்கக் கூடாது. அண்ணனே ஒருமுறை ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிட்டு சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்குச் சார் எழுதினார்: "கடைசியில் முட்டுகிறது."

மூன்று ஞாயிறு அந்த வரி அங்கேயே இருந்தது. சக்கரம் வழுக்குகிறது என்றார் சார். இரும்புப் பட்டையைக் கழற்றி ரப்பர் போட்டோம். முட்டியது. சுற்றை எண்ணும் காந்தம் தப்பு என்றார் மெக்கானிக். மாற்றினோம். முட்டியது. நான் எழுதிக் கொடுத்ததை எல்லாம் அழித்துவிட்டுச் சார் தானே புதிதாக எழுதினார். அதற்கும் முட்டியது. மிஷினைத் தவிர வேறு எதுவும் தப்பாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவர் தப்பாக இருக்குமா என்ன?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் ஊரறிந்த கோபம். அடுத்த நாள் காலையில் மிஷினைத் தூக்கித் தெரு ஆட்டோவில் போட்டு, பைபாஸ் பக்கம் ஆளில்லாத ரோட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். ஐம்பத்திரண்டு மீட்டரை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு விட்டோம். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சமர்த்தாக நின்றது. ஐந்து தரம் விட்டோம். ஐந்து தரமும் ஒரு சாண், ஒன்றரைச் சாண்.

அங்கிருந்து நேரே களத்துக்கு வந்தோம். யாருடைய உளுந்தோ காய்ந்துகொண்டிருந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு டேப்பை இழுத்தோம். நாற்பத்தாறரை மீட்டர்தான் இருந்தது. பதினெட்டு அடியைக் காணோம்.

மெக்கானிக் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு" என்றார். ஆனால் டேப்பை விடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்த குழம்பை இறக்கிக்கொண்டே, "இத மிஷினு வந்து சொன்னாத்தான் உனக்குத் தெரியுமா?" என்றாள். நான் அதை வழக்கமான திட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் அவளே பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள். "வாயத் தொறந்துடாதடி. நாலு மாவையும் புடுங்கிட்டாருன்னா நாளைக்கு எந்த வயல்ல போய் எறங்குறது? எல்லார் வாயிலயும் மண்ணு."

ஞாயிற்றுக்கிழமை கொடவுனில் வாயைத் திறந்தேன். எல்லோரும் இருந்தார்கள். மிஷின் சரியாக இருக்கிறது, களம்தான் குறைகிறது, கொட்டகையும் அதன் சுவரும் களத்துக்குள் நிற்கின்றன என்று சொன்னேன்.

அண்ணன் கரும்பலகையில் இருந்த அந்த வரியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அது எங்கப்பா காலத்துக் கொட்டாய்ம்மா. நாப்பது வருஷமா அங்கதான் நிக்குது. புலப்படத்துல ஆயிரம் தப்பு இருக்கும். அதுக்கென்ன இப்ப? லேப்டாப்புல அந்த நம்பரக் கொறச்சு நாப்பத்தாறுன்னு போடு. முட்டாது. முடிஞ்சுது கத."

"நம்பர் தப்பில்லண்ணே. தப்பில்லாத நம்பர நான் எதுக்கு மாத்தணும்?"

"மிஷினு ஓடணுமா வேணாமா?"

"ஓடணும். அது ஓடுறதே எங்க தெரு நெல்லுக்குத்தான். நீங்க சொல்ற நம்பரப் போட்டா, எங்களுக்கு எடமே இல்லன்னு நானே அதுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

சார் இருவரையும் பார்க்காமல் எழுந்தார். என் லேப்டாப்பை வாங்கி ஐம்பத்திரண்டை அழித்து நாற்பத்தாறு என்று அடித்தார். கரும்பலகையில் அந்த வரிக்குப் பக்கத்தில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதினார். காரணம் தெரியாமல் அழிக்கக் கூடாது என்றவர், காரணம் தெரிந்த பிறகு பூசி மெழுகினார். அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் எனக்கு அண்ணன்மேல்கூட வரவில்லை. நான் எழுந்துபோய் "சரிசெய்யப்பட்டது" என்பதை மட்டும் உள்ளங்கையால் அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாளில் வேளாண்மைத் துறைக்காரர்கள் எங்கள் ஊரில் வயல் விழா வைத்தார்கள். அண்ணன்தான் ஏற்பாடு. ஷாமியானா, மைக், தாசில்தார், இரண்டு கட்சியிலும் ஆட்கள். கிராமத்து இளைஞர்கள் செய்த நெல் கிளறும் ரோபோ என்று பேனர் அடித்திருந்தார். பேனரில் என் போட்டோவும் இருந்தது. மிஷினை இயக்கிக் காட்ட வேண்டியவள் நான். அன்று காலை வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் ஐம்பத்திரண்டு என்று அடித்தேன். மெக்கானிக்குக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். அவர், "பேட்டரிய ஃபுல்லா சார்ஜ் போட்டுக்க. பாதியில நின்னுடப் போவுது" என்றார்.

களம் முழுக்க நெல் பரப்பியிருந்தார்கள். பட்டனை அழுத்தினேன். கைதட்டல். மிஷின் நெல்லைப் பிளந்துகொண்டு போனது. எல்லோரும் அதன் பின்னாலேயே நடந்து போனார்கள். போய் முட்டியது. சக்கரம் சுற்றியது. சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கினேன்.

தாசில்தார் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்மா போய் முட்டுது? ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார். உங்க ஆபீஸ் புலப்படத்துல இருக்குற நீளத்ததான் அதுக்குக் குடுத்திருக்கேன். களம் இன்னும் பதினெட்டடி இருக்குன்னு அது நம்புது. நீங்க குடுத்த கணக்க நம்புறது அது ஒண்ணுதான்."

மைக் திறந்தே இருந்தது. நான் திட்டம் போட்டு அதன் பக்கத்தில் போய் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் தப்பில்லை.

தாசில்தார் நழுவத்தான் பார்த்தார். ஜமாபந்தியில் மனுக் கொடுங்க, பார்க்கலாம் என்றார். வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸில் நிலக் கணக்கை எல்லாம் எடுத்துப் பார்க்கும் நாள் அது, வைகாசியில் வரும். மனுவைத் தட்டிக்கழிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. நான் விடவில்லை. மூன்று நகல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, ரசீதும் வாங்கிவந்தேன்.

இதற்கிடையில் அண்ணன் ஒருமுறை கடைவீதியில் என்னை நிறுத்தினார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம். "உனக்குத்தானே அந்தக் கொடவுனத் தொறந்து விட்டேன். எங்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேன்ல?"

"உங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேண்ணே. நீங்க நம்பர மாத்தச் சொன்னீங்க."

அவர் கடைக்குத் திரும்பி நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை எனக்குப் பிடிக்கும். பிடித்த மனிதரிடம் பயந்துகொண்டு பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு என்னையே பிடித்திருக்காது. அந்த வாரத்திலிருந்து கொடவுன் கதவு பூட்டித்தான் கிடந்தது. கிளப் அதோடு போனது. அறுப்பு முடிந்ததும் குத்தகை நிலமும் போனது. பிற்பாடு கொட்டகையைப் பிரித்தார்கள், சுவர் மட்டும் கோர்ட்டில் இருக்கிறது, அம்மா இப்போது கோயில் நிலத்தில் பயிர் வைக்கிறாள். இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வருத்தமுமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இதை இல்லை. அளக்க வந்த நாளைத்தான்.

ஆனி மாத வெயில். சர்வேயர் சங்கிலியோடு வந்தார், வி.ஏ.ஓ. வந்தார். அளந்தால் கணக்கு அப்படியே வந்தது, பதினெட்டடி உள்ளே. ஆனால் பழைய எல்லைக் கல் ஒன்றைக்கூடக் காணவில்லை. அண்ணன் நாற்பது வருஷமாகத் தங்கள் அனுபோகத்தில் இருக்கும் இடம் என்ற ஒரே பேச்சில் நின்றார். மேலத்தெருவில் நாலு பேர் ஆமாம் என்றார்கள். சர்வேயர் பேனாவை மூடிக்கொண்டே, "இந்த எடத்துல உங்காளுங்க யாராச்சும் முன்ன நெல்லு காயப்போட்டிருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க, வாக்குமூலம் எழுதிக்கறேன்" என்று எங்கள் தெருவைப் பார்த்துக் கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? ஒவ்வொருவருக்கும் மேலத்தெருவில் ஒரு குத்தகையோ, ஒரு வேலையோ, ஒரு கைமாற்றோ இருந்தது. நான் முன்னால் போய், "நான் சொல்றேன் சார்" என்றேன்.

"நீ என்னம்மா சொல்லுவே? நாப்பது வருஷம்ங்கறாங்க. நீ பொறந்திருக்கவே மாட்டே."

கூட்டத்தில் சிரித்தார்கள். அப்போதுதான் அம்மா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மூன்று மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். அண்ணனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு சர்வேயரிடம் திரும்பினாள்.

"எழுதிக்குங்கய்யா. அந்தக் கொட்டாயில நடுவால ஒரு தூணு நிக்குதே, அந்த எடத்துல நின்னு நெல்லக் கிண்டிக்கிட்டு இருந்தேன். இவ வயித்துல இருந்தா, நெறமாசம். நின்ன நெலையில பனிக்குடம் ஒடஞ்சு போச்சு. வீட்டுக்குக் கொண்டு போக நேரமில்ல. அங்கனயேதான் பெத்தேன். மறைக்கிறதுக்கு அன்னிக்கு அங்க கொட்டாயும் இல்ல, சொவரும் இல்ல, ஒரு செடிகூட இல்ல. நாலு பொம்பளைங்க சுத்தி நின்னு பொடவைய அவுத்துப் புடிச்சாங்க. அந்தக் கொட்டாய் அன்னிக்கு இருந்திருந்தா நான் எதுக்குய்யா வெட்டவெளியில பெக்கப் போறேன்?"

எனக்கு அதுவரை தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்றுதான் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

சர்வேயர் மூடிய பேனாவைத் திறந்தார். அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உன் வயசு என்னம்மா?"

"இருவத்தேழு."

எழுதினார். எழுதி முடிப்பதற்குள் எங்கள் தெருக் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பொடவ புடிச்சதுல நானும் ஒருத்திங்க." இன்னொருத்தி, "நானுந்தாங்க, எம் பேரையும் போட்டுக்குங்க" என்று முன்னால் வந்தாள்.